ஒத்தோர் முன் ஆய்வுரை: கபிட்சா மன்றமும் நம் வகுப்பறையும்



இயற்பியலில் முனைவர் பட்டத்திற்காக ஆய்வு செய்யும் மாணவர்களிடையே ஒரு நல்ல பழக்கம் உண்டு. வாரத்தில் ஒருநாள் அவர்கள் தங்களுக்குள் கூடுவர். அண்மையில் வெளிவந்த ஆய்வுக் கட்டுரை ஒன்றை அவர்களுள் ஒருவர் படித்து வந்து மற்றவர்களுக்கு விளக்குவார். சில வாரங்களில் தம் சொந்த ஆய்வின் நிலையையே எடுத்துரைப்பார். கேட்போர் இடையிடையே குறுக்கிட்டு வினவுவர். இதற்கு மதிப்பெண் இல்லை, சான்றிதழும் இல்லை. பல இடங்களில் பேராசிரியர்களுக்கு இக்கூட்டத்தில் இடமே இல்லை. சக மாணவர்கள் மட்டுமே அவையோர்.

பட்ட மேற்படிப்பு மாணவர்களின் இப்பழக்கத்தைப் பற்றித் தமிழ்ப்பள்ளி ஆசிரியன் ஒருவன் எழுதுவானேன் என்று அன்பர்கள் கேட்கக்கூடும். காரணம் உண்டு. எங்கள் பள்ளியில் புதன்கிழமைதோறும் 'அறிவியல் அரைமணி' என்ற ஒன்றை நடத்தி வருகிறோம். ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுள் ஒருவர் முன்னே வந்து தாம் படித்த ஓர் அறிவியல் செய்தியைத் தம் வகுப்புத் தோழர்களுக்கு விளக்க வேண்டும். இந்த அரைமணி நேரத்தைத் தொடர வேண்டுமா, அல்லது அந்நேரத்தைப் பயிற்சித் தாள்களுக்கு ஒதுக்க வேண்டுமா என்ற கேள்வி, சென்ற பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்தது. அக்கேள்வியை எழுப்பிய பெற்றோரின் கவலை நியாயமானது. ஆகவே அதற்குரிய விடையைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

கேம்பிரிட்ஜில் ஒரு செவ்வாய்க்கிழமை மன்றம்

1921ஆம் ஆண்டு இரஷ்யாவிலிருந்து பியோத்தர் கபிட்சா என்னும் இளைஞர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்கு வந்து சேர்ந்தார். அதற்கு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்கு முன்புதான் அவர் தம் மனைவியையும் இரு குழந்தைகளையும் தந்தையையும் நோய்க்குப் பறிகொடுத்திருந்தார். கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில், அணுவின் உட்கருவைக் கண்டறிந்த ரதர்ஃபோர்டிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார்.

அந்த ஆய்வுக்கூடத்தில் திறமைக்குக் குறைவில்லை. பேச்சுக்குத்தான் குறைவு. அவரவர் தத்தம் கருவிகளோடு இருந்தனர். அடுத்த அறையில் நடப்பது என்னவென்று கேட்பதற்கும் கூச்சப்பட்டனர். கூட்டங்களில் மூத்தவர் பேசுவார், இளையவர் கேட்பார். இரஷ்யாவில் உரக்க வாதிட்டுப் பழகிய கபிட்சாவுக்கு இந்த அமைதி பொருந்தவில்லை. 1922இல் அவர் தம் வயதொத்த ஆய்வாளர்கள் சிலரைச் சேர்த்து ஒரு மன்றத்தைத் தொடங்கினார். அதுவே பின்னர் 'கபிட்சா மன்றம்' எனப் பெயர் பெற்றது. அப்போது அவரே முனைவர் பட்டம் பெறாதவர். மறு ஆண்டுதான் பெற்றார்.

செவ்வாய்க்கிழமைகளில், இரவு உணவுக்குப் பின், கல்லூரி அறை ஒன்றில் கூடுவர். ஒரு கரும்பலகை இருக்கும். ஒருவர் தம் ஆய்வையோ புதிதாக வெளிவந்த கட்டுரையையோ விளக்குவார். பேசியவரின் பெயரும் பொருளும் குறிப்பேட்டில் பதிவாகும். புரியாத இடத்தில் அப்போதே குறுக்கிட்டுக் கேட்கலாம் என்பது அங்கு எழுதாத விதி. தொடக்கத்தில் எவரும் வாய் திறக்கத் தயங்கியபோது, கபிட்சாவே வேண்டுமென்று எதையேனும் பிழையாகச் சொல்லுவாராம். பிழையைத் திருத்துவதற்காகவாவது ஒருவர் பேசித்தானே ஆகவேண்டும்? ஆசிரியர்களாகிய நமக்கு இந்த உத்தி புதிதன்று. கரும்பலகையில் ஓர் எழுத்தை மாற்றி எழுதிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், அதுவரை உறங்கிக்கொண்டிருந்த வகுப்பும் விழித்துக்கொள்ளும் அன்றோ?

பேசாதவர் பேசிய இடம்

அம்மன்றத்தின் உறுப்பினர்களுள் ஒருவர் பால் டிராக். மின்பொறியியலும் கணிதமும் கற்றுவிட்டு, 1923இல் கேம்பிரிட்ஜுக்கு ஆய்வு மாணவராக வந்தவர். அவருடைய அமைதி பெயர்போனது. ஒரு மணி நேரத்திற்கு ஒரு சொல் பேசினால் அதற்கு 'ஒரு டிராக்' என்று உடன் இருந்தோர் அலகு வகுத்துக் கேலி செய்தனர். அப்படிப்பட்டவரும் அந்தச் சிறு அறையில் எழுந்து நின்று தம் கணக்கை விளக்கினார். உரத்த குரலுடைய கபிட்சாவும் பேசாத டிராக்கும் வாழ்நாள் முழுதும் நண்பர்களாயினர். 1933இல் இருவரும் சேர்ந்து ஒரு கட்டுரையும் எழுதினர். ஒளி அலைகளால் எலெக்ட்ரான் கற்றையைச் சிதறடிக்க முடியும் என்பது அக்கட்டுரையின் கருத்து. அது ஆய்வுக்கூடத்தில் தெளிவாக மெய்ப்பிக்கப்பட்டதோ 2001இல்தான்.

1925 சூலை 28ஆம் நாள், செருமனியிலிருந்து வந்திருந்த 23 வயது இளைஞர் ஹைசன்பர்க் அம்மன்றத்தில் பேசினார். நிறமாலைக் கோடுகளை வகைப்படுத்துவதிலுள்ள குழப்பத்தை விலங்கியலுக்கும் தாவரவியலுக்கும் ஒப்பிட்டு, நகைச்சுவையாகவே தலைப்பு வைத்திருந்தார். பெயரிட்டு அடுக்க முடிகிறது, காரணம் சொல்ல முடியவில்லை என்பது அதன் உட்பொருள். அக்காரணத்தைத் தேடிச் சென்ற தம் புதிய கட்டுரையைப் பற்றி அவர் அப்பயணத்தின்போது டிராக்கின் வழிகாட்டியான ஃபௌலரிடம் தெரிவித்தார். சில வாரங்களில் அதன் அச்சுப்படி ஃபௌலருக்கு வந்தது. அதனை அவர் கோடை விடுமுறையில் ஊருக்குப் போயிருந்த தம் மாணவருக்கு அனுப்பி வைத்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் டிராக் குவாண்டம் இயக்கவியலுக்குத் தம் சொந்த வடிவத்தைக் கண்டுவிட்டார். 1926இல் அவர் பெற்ற முனைவர் பட்டம் அத்துறைக்கே உரியது.

இன்னொரு நிகழ்வையும் குறிப்பிட வேண்டும். 1932 பிப்ரவரியில் சாட்விக் நியூட்ரானைக் கண்டறிந்தார். அவர் அப்போது மாணவர் அல்லர். ஆய்வுக்கூடத்தில் ரதர்ஃபோர்டுக்கு அடுத்த நிலையில் இருந்தவர். அம்முடிவு ஆய்விதழில் அச்சாகி வெளிவருவதற்குச் சில நாள்களுக்கு முன்பே, இளையோர் கூடும் அம்மன்றத்தில் நின்று அதனை விளக்கினார். பேசி முடித்ததும், இனித் தமக்கு மயக்க மருந்து கொடுத்து இரண்டு வாரம் தூங்க வைக்க வேண்டும் என்று சொன்னாராம். பல நாள் உறங்காமல் உழைத்த களைப்பு அது.

1934இல் தாயகம் சென்ற கபிட்சாவை அந்நாட்டு அரசு திரும்பி வர விடவில்லை. ஆயினும் மன்றம் நிற்கவில்லை. நண்பர்கள் பல்லாண்டுகள் நடத்தினர். 32 ஆண்டுகளுக்குப் பின் 1966இல் அவர் கேம்பிரிட்ஜுக்கு வந்தபோது, அவருக்காக மன்றம் மீண்டும் ஒருமுறை கூடியது. டிராக் 1933இலும், பிளாக்கெட் 1948இலும், காக்கிராஃப்ட் 1951இலும், கபிட்சா 1978இலும் நோபல் பரிசு பெற்றனர். இவர்கள் எல்லாரும் அந்தக் கரும்பலகையின் முன் நின்று, நண்பர்களின் குறுக்குக் கேள்விகளுக்கு விடை சொல்லிப் பழகியவர்கள். அம்மன்றம்தான் அவர்களுக்குப் பரிசு பெற்றுத் தந்தது என்று நான் சொல்லவில்லை. மேதைகள் எங்கிருந்தாலும் மேதைகளே. ஆனால் மேதைகளுக்கே தேவைப்பட்ட ஒரு பயிற்சி நம் பிள்ளைகளுக்குத் தேவையில்லை என்று எப்படிச் சொல்வது?

பெரியோர் அவையில் ஒரு தமிழர்

ஒத்தோர் அவையின் அருமை, அது வாய்க்காத இடத்தைப் பார்த்தால்தான் முழுமையாக விளங்கும். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930இல் கப்பலேறிக் கேம்பிரிட்ஜுக்குச் சென்றவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். வழிப்பயணத்திலேயே அவர் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தார். எரிபொருள் தீர்ந்து குளிரும் விண்மீன் ஒரு குறிப்பிட்ட நிறைக்கு மேற்பட்டதாக இருந்தால், அது வெண்குறுமீனாக நிலைத்திருக்க இயலாது என்று கணக்குக் காட்டியது. கதிரவனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்று நாம் இன்று படிக்கும் 'சந்திரசேகர் எல்லை' அதுவே.

1935 சனவரி 11ஆம் நாள் இலண்டனில் அரச வானியல் கழகத்தின் கூட்டத்தில் அவர் தம் முடிவை விளக்கினார். அப்போது அவருக்கு வயது 24. அவருக்கு அடுத்துப் பேச எழுந்தவர், அக்காலத்தின் தலைசிறந்த வானியலாளராகிய எடிங்டன். கேம்பிரிட்ஜில் சந்திரசேகரை அடிக்கடி சந்தித்து அவருடைய கணக்குகளைப் பற்றி உரையாடி வந்தவர்தாம். ஆயினும் தம் மறுப்பை அதுவரை அவரிடம் சொன்னதில்லை. அவையில் அம்முடிவை நகையாடினார். அவையோர் சிரித்தனர். விடையிறுக்கச் சந்திரசேகருக்கு வாய்ப்பளிக்கப்படவில்லை. அவர் கணக்கு சரியென்று அறிந்த இயற்பியலாளர்கள் தனிப்பட்ட முறையில் ஆறுதல் கூறினரே தவிர, வெளிப்படையாக வாய் திறக்கவில்லை. சில ஆண்டுகளில் அவர் தம் ஆய்வுகளை ஒரு நூலாக்கிவிட்டு வேறு துறைக்குச் சென்றுவிட்டார். அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1983இல்.

இந்நிகழ்வைப் பலரும் நிறவெறிக்கோ பொறாமைக்கோ எடுத்துக்காட்டாகச் சொல்வர். அதனை ஆராய்வது என் நோக்கமன்று. ஓர் ஆசிரியனாக என் கண்ணில் படுவது வேறொன்று. பேசுபவரும் கேட்பவரும் சமநிலையில் இல்லாத அவையில் கேள்வி என்பது தீர்ப்பாக மாறிவிடுகிறது. குறுக்குக் கேள்வி கபிட்சா மன்றத்திலும் இருந்தது, கேலியும் இருந்தது. ஆனால் இந்த வாரம் கேலி செய்தவர் அடுத்த வாரம் அதே கரும்பலகையின் முன் நிற்க வேண்டியவர். அந்த ஒரு நிலைமையே கேள்வியை நேர்மையாக வைத்திருந்தது.

எங்கள் பழைய மாணவி சொன்னது

எங்கள் பள்ளியில் படித்த மாணவி ஒருவர் இப்போது இயற்பியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறார். சென்ற ஆண்டின் இறுதி விடுமுறையில் பள்ளிக்கு வந்திருந்தபோது, தம் ஆய்வுக் குழுவினரின் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னார். 1991இல் தொடங்கப்பட்ட 'ஆர்க்கைவ்' என்னும் இணையக் களஞ்சியத்தில் இயற்பியல் கட்டுரைகள் நாள்தோறும் வந்து குவிகின்றன. ஒருவராக எல்லாவற்றையும் படிக்க இயலாது. எனவே ஆளுக்கொன்றாகப் படித்துப் பகிர்ந்துகொள்கின்றனர்.

அவர் முறை வந்தபோது அவர் எடுத்துக்கொண்ட பொருள் மியூவான். அது எலெக்ட்ரானைப் போன்ற ஒரு துகள். நிறையோ அதைவிட ஏறத்தாழ 207 மடங்கு. காந்தப் புலத்தில் அது பம்பரம்போல் தள்ளாடிச் சுழலும். எவ்வளவு விரைவாகத் தள்ளாடும் என்பதைக் காட்டும் எண்ணை டிராக் 1928இல் கண்ட சமன்பாட்டின்படி கணக்கிட்டால், சரியாக 2 என்று விடை வரும். உண்மையில் அது 2ஐவிடச் சிறிது கூடுதல். மேற்சொன்ன டிராக்கேதான்! நூறாண்டுகளாகியும் அவர் கணக்கு வகுப்பறையை விட்டுப் போகவில்லை.

அந்தச் 'சிறிது' எவ்வளவு என்பதே சிக்கல். அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வுக்கூடம் 2021இல் வெளியிட்ட அளவீடு, அந்நாளில் ஏற்கப்பட்டிருந்த கோட்பாட்டுக் கணக்கோடு ஒத்துப்போகவில்லை. நாம் அறியாத புதிய துகள் ஏதேனும் இருக்கலாம் என்று இயற்பியலாளர்கள் பெரிதும் எதிர்பார்த்தனர். 2025 சூனில் இறுதி அளவீடு வந்தது. நூறு கோடியில் 127 பங்கு என்ற அளவுக்குத் துல்லியமானது. அதற்குச் சற்று முன்னர், மாபெரும் கணினிகளின் துணையால் திருத்தப்பட்ட கோட்பாட்டுக் கணக்கும் வெளிவந்திருந்தது. இரண்டும் ஒத்துப்போயின. புதிய துகளுக்கான அந்தத் தடயம் மங்கிவிட்டது.

"எங்கள் கூட்டத்தில் இதை விளக்கியபோது, பழைய கணக்குமுறை ஏன் வேறு விடை தந்தது என்று ஒருவர் கேட்டார், ஐயா. எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. பிறகு எல்லாரும் சேர்ந்து ஒரு மணி நேரம் அதைப் பற்றியே பேசினோம்," என்றார் அவர்.

ஆறாம் ஆண்டில் பெயரைச் சொல்லி அழைத்தாலே தலை குனிந்துகொள்ளும் பிள்ளை அவர். இன்று ஓர் அவையில் நின்று 'தெரியவில்லை' என்று தயக்கமின்றிச் சொல்கிறார். எனக்கு இது பெரிய செய்தியாகப் பட்டது.

அன்றே அவரை எங்கள் மாணவர்களிடம் இதைத் தமிழில் விளக்கும்படி கேட்டுக்கொண்டேன். பம்பரம் ஒன்றைச் சுழற்றிக் காட்டி அரைமணி நேரம் பேசினார். முடிவில் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் கை உயர்த்தினான்.

"அக்கா, அளந்ததும் கணக்குப் போட்டதும் ஒன்றாக வந்தால் சரியான விடை என்றுதானே பொருள்? பிறகு ஏன் கவலைப்பட்டார்கள்?"

அவர் உடனே விடை சொல்லவில்லை. சற்று எண்ணிப் பார்த்துவிட்டு, "சரியான விடை கிடைத்தது, தம்பி. ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று கிடைக்கும் என்று காத்திருந்தோம்," என்றார். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஒருவரும் அப்படிக் கேட்கவில்லை என்று பின்னர் என்னிடம் சொன்னார்.

பெற்றோரின் கவலையும் என் விடையும்

சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசியவர் சரக்குந்து ஓட்டும் ஒரு தந்தை. "ஐயா, என் மகன் நன்றாகப் பேசுகிறான், மகிழ்ச்சி. ஆனால் இடைநிலைப் பள்ளிக்குப் போனால் தாளில் எழுதுவதைத்தானே பார்ப்பார்கள்? அந்த அரைமணி நேரத்தில் இரண்டு பயிற்சி செய்யலாமே?" என்றார். பிள்ளையின் கல்வியைத் தவிர வேறு சொத்து சேர்க்க இயலாத குடும்பத்தின் குரல் அது. அதனைத் தள்ளிவிட முடியாது. 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டபின், பிள்ளையின் நிலையை எதைக்கொண்டு அறிவது என்ற தவிப்பும் பெற்றோரிடம் இருக்கிறது.

என் விடை இதுதான். பயிற்சித் தாள் பிள்ளைக்குத் தெரிந்ததை அளக்கிறது. தான் எந்த இடத்தில் புரியாமல் நிற்கிறோம் என்பதைப் பிள்ளையே கண்டுகொள்ள, அதனை இன்னொரு பிள்ளைக்கு விளக்கிப் பார்க்க வேண்டும். 'ஆவியாதல்' என்ற சொல்லைத் தாளில் சரியாக எழுதிவிடும் மாணவன், "மழை நாளில் துணி ஏன் காயவில்லை?" என்று தோழி கேட்டதும் திகைத்து நிற்கிறான். அந்தத் திகைப்பிலிருந்துதான் படிப்பு தொடங்குகிறது. அறிவியலைத் தமிழில் கற்பதன் பயனும் இங்கேதான் தெரிகிறது. பிள்ளை வீட்டில் சண்டையிடும் மொழியில், விளையாடும் மொழியில் கேள்வி கேட்க முடிகிறது. பின்னாளில் எம்மொழியில் படித்தாலும் கேள்வி கேட்ட பழக்கம் கூடவே போகும்.

முயன்று பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்காக, எங்கள் பள்ளியில் நாங்கள் கடைப்பிடிக்கும் முறையைக் கீழே தருகிறேன்.

1. பேசும் மாணவர் பொருளைத் தாமே தேர்ந்தெடுப்பார். பத்து நிமிடத்திற்கு மேல் பேசக்கூடாது. தாளைப் பார்த்துப் படிக்கக்கூடாது, கரும்பலகையில் வரையலாம்.

2. ஆசிரியர் கடைசி வரிசையில் அமர்வார். மாணவர்களின் கேள்விகள் முடியும்வரை வாய் திறக்கமாட்டார். இதுவே எங்களுக்குக் கடினமான விதி.

3. 'தெரியவில்லை' என்பது ஏற்கத்தக்க விடை. அக்கேள்வி சுவரிலுள்ள அட்டையில் எழுதப்படும். அடுத்த புதன்கிழமைக்குள் யாரேனும் விடை தேடி வரலாம்.

4. இவ்வாரம் கேள்வி கேட்டவர்கள் வரும் வாரங்களில் முறைப்படி பேச வேண்டும். எல்லாருக்கும் முறை உண்டு. எவருக்கும் விலக்கு இல்லை.

5. மதிப்பெண் கிடையாது. பரிசும் கிடையாது.

மெல்லப் பேசும் பிள்ளைகளை முதலில் நால்வர் கொண்ட சிறு குழுவில் பேச வைக்கிறோம். கபிட்சாவின் உத்தியும் கைகொடுக்கிறது. "திமிங்கிலம் ஒரு பெரிய மீன்," என்று நான் ஒருநாள் பின்வரிசையிலிருந்து மெல்லச் சொன்னேன். இரண்டாம் விதியை மீறிய ஒரே நாள் அதுதான். அதுவரை வாய் திறவாத மூவர் ஒரே நேரத்தில் எழுந்து மறுத்தனர்.

சங்கக் கூட்டத்தின் முடிவு என்னவென்றால், இவ்வாண்டின் முதற்பாதி வரை அறிவியல் அரைமணி தொடரும். அதன்பின் பெற்றோர் நேரில் வந்து பார்த்து முடிவு செய்வர். இம்முடிவை மனமார ஏற்றுக்கொண்டேன். கேள்வி எழுப்பிய அந்தத் தந்தையையே முதல் பார்வையாளராக அழைத்திருக்கிறோம். விடுப்பு எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அன்று பேசவிருப்பவன் அவர் மகன். பொருள்: சரக்குந்தின் தடைக்கட்டை எப்படி வேலை செய்கிறது. அவனுடைய தோழர்களைவிட அதிகம் கேள்வி கேட்கப் போகிறவர் அவன் தந்தையாகத்தான் இருப்பார் என்று எண்ணுகிறேன்.

உங்கள் பள்ளியில் இதுபோன்ற முயற்சி நடந்தால், அல்லது நடத்திக் கைவிட்டிருந்தால், அதன் காரணத்தையும் எழுதுங்கள். கைவிட்ட காரணங்கள் எங்களுக்கு இன்னும் பயன்படும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியன்